கோடும் பூச்சியமும்

மழை பெய்யாமலே ஓடை பெருகும் ஒரு காட்டை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த இடம் கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஏசி அறை. காட்டை அதுவரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் தொழிலின் பெருமை.

மலைநாட்டில் காடு மூடிய ஒரு சின்ன நீரேந்து பகுதி. அதற்குள் எவ்வளவு மழை பெய்தால் அடியில் ஓடும் ஓடை எவ்வளவு உயரும் என்று கணினியில் ஒரு மொடல் செய்ய வேண்டும். ஓடைக்கரையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகள் கொண்ட ஒரு லயம், பன்னிரண்டு குடும்பங்கள். எத்தனை மில்லிமீற்றர் மழைக்கு அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற ஓர் எண்ணைத்தான் தோட்ட நிர்வாகம் எங்களிடம் கேட்டிருந்தது. அந்த ஓர் எண்ணுக்கு இரண்டு வருடம், நான்கு லெப்டொப், தின்று தீர்த்த கணக்கில்லாத மாலுபாண்.

நீர்மட்டத்தை ஒரு கருவி தானாகப் பதிந்து அனுப்பியது. மழையை ஓர் அக்கா அளந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். லயத்திலிருந்து ஓடையைக் கடந்து ஏறினால் மழைமானி. காலையில் வேலைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி, மாதமுடிவில் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். மழை பெய்த நாளுக்கு எண், பெய்யாத நாளுக்குப் பூச்சியம். சில நாட்களுக்கு மட்டும் வெறும் கோடு.

மொடல் கோட்டைத் தின்னாது, அதற்கு எண் வேண்டும். பணிப்பாளரிடம் கேட்டேன். மழைநீரில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். தூறல் விழுந்தால் பிரதான வீதியிலிருந்து ஒபிசுக்கு நூறு மீற்றர் தூரம் த்ரீவீலில் வருவார்.

“கோடு எண்டா ஒண்டுமில்லை எண்டுதானே. பூச்சியத்தைப் போடும்.”

போட்டேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வரைபடம் வந்தது. ஓடை மிக உயர்ந்த நாட்களிலெல்லாம் மழை பூச்சியம். சாதாரண மனுசர் என்றால் இதென்ன கூத்து என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் படித்தவர்கள். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“காடு தண்ணியைப் பிடிச்சு வைச்சுப் பிறகு விடுது, பாத்தீரோ. இது லேசுப்பட்ட விசயமில்லை.”

அதற்கு நான் பெயரும் வைத்தேன்: ‘காட்டின் தாமதக் கொடை’. வெட்கங்கெட்ட பெயர். மொடலில் அதற்கென்று ஒரு மாறிலியைச் சேர்த்து, கணக்கும் ஓடையும் ஒத்துப்போகும்வரை அதைத் திருகு திருகென்று திருகினேன். அறிக்கையின் முடிவு இப்படி அமைந்தது: இந்த ஓடையின் வெள்ளத்துக்கு அன்றைய மழை காரணமல்ல, ஆகவே மழையை வைத்து எவரையும் வெளியேற்றத் தேவையில்லை.

அறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. அதற்காக மட்டும்தான் நான் முதல்முறை அங்கே போனேன். அட்டைக்குப் போனவளை அட்டை பிடித்துக்கொண்டது, இரண்டு காலிலும். அந்த அக்கா என் கையைப் பிடித்துக் கல் கல்லாக ஓடையைக் கடக்க வைத்து, மழைமானிக்குப் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். படம் எடுத்த பிறகு பேச்சுக்குக் கேட்டேன்.

“சில நாளுக்குப் பூச்சியம், சில நாளுக்குக் கோடு. ஏன் அக்கா அப்பிடி?”

“மழ இல்லன்னா முட்ட போடுவேன் மிஸ். கோடு போட்டா நா வரலன்னு அர்த்தம்.”

“ஏன் வரேல்ல?”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். ஓடையைக் காட்டினார்.

“அன்னைக்கு அதுல தண்ணி என் இடுப்புக்கு மேல போகும். எப்புடித் தாண்டுறது? மறுநா வந்து பாத்தா இந்த மானி நெறஞ்சு வழிஞ்சு கெடக்கும். எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? பொய்யா ஒரு நம்பர் எழுத மனசு வரல மிஸ்.”

எனக்கு வந்திருந்தது. அத்தனை பெருமழைக்கும் நான் பூச்சியம் எழுதியிருந்தேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

“அந்த நாளில லயத்து ஆக்கள் என்ன செய்யிறவை?”

“நா தாண்ட முடியாம திரும்பி வந்தாலே எல்லாரும் புள்ளைகளத் தூக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம். சாவி எங்கிட்டத்தான் இருக்கு. இப்ப தோட்டத்துல அதத் திருப்பிக் குடுக்கச் சொல்றாங்க. இனிமே ஒங்க கொழும்புப் பேப்பர்ல சொல்ற நாளுக்குத்தான் தெறப்பாங்களாம்.” கொஞ்சம் தயங்கினார். “பேப்பர்ல எங்கள எப்ப போகச் சொல்லியிருக்கு மிஸ்?”

ஒருநாளும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த அறிக்கை என் தோள்பையில் இருந்தது.

“இன்னும் எழுதி முடிக்கேல்ல அக்கா” என்றேன்.

கொழும்புக்குத் திரும்பியதும் முடிவுப் பக்கத்தை அழித்தேன். எண் வரவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே, மழை வாசிப்பவர் ஓடையைக் கடக்க முடியாத நாளில் கிளம்ப வேண்டும், பள்ளிக்கூடச் சாவி அவரிடமே இருக்க வேண்டும் என்று எழுதினேன். பணிப்பாளர் இரண்டு தரம் வாசித்தார்.

“இதை எந்தக் கருவியால அளக்கிறது?”

“அவவின்ர இடுப்பு, சேர்.”

அவர் சிரிக்கவில்லை. அறிக்கை நான் திருத்தியபடியே போனது, கோட்டைப் பூச்சியமாக்கிய கதை வெளியே வந்தால் எங்கள் இரண்டு பேரின் பெயரும் நாறும் என்பதால். தாமதக் கொடையைப் பற்றி அவர் இன்னமும் மாநாடுகளில் பேசுகிறார். சாவி அந்த அக்காவிடம்தான் இருக்கிறது. போன மாதக் கொப்பியில் மூன்று கோடுகள் இருந்தன. பன்னிரண்டு குடும்பத்தாரும் மூன்று தடவையும் மேட்டில் இருந்தார்கள்.