எழுந்து நடந்த மாட்டுத் தரகர்

சிரிப்பும் பாலும் ஒன்று என்று நம்பியவன் நான். எத்தனை முறை காய்ச்சி வைத்தாலும் பால் ஒருநாள் திரிந்துபோகும். அதேபோல, வருடக்கணக்கில் ஓடும் கேலிப்படமும் ஒருநாள் புளித்தே தீரும். என்னுடையது புளித்துவிட்டது, அதுவும் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் புளித்துவிட்டது என்று ஏறக்குறைய ஒரு வருடம் நம்பினேன். அந்தக் கவலையில் இளைத்தும் போனேன். "இது ஒண்ணுதான் அந்தப் படத்தால வந்த நல்லது" என்றாள் மனைவி.

அப்போது பழனிசெட்டிபட்டியில் பிளக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருந்தேன். உள்ளூர் கேபிள் சேனல் நடத்திவந்தவர் ஊர் முறையில் எனக்கு மாமா. கல்யாண வீடியோவும் கோயில் கொடை விழாவும் போட்டு அலுத்துப்போய், "சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் செய்டா மாப்ள" என்றார். ஆட்களை வைத்து எடுக்கப் பயமாக இருந்தது. குடிகாரனாக ஒருவன் நடித்தால் அவன் மாமனார் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். பொம்மைக்கு மாமனார் கிடையாது. ஆகவே கடைக் கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் செய்தேன்.

படத்தில் இரண்டே பேர், ஒரு மாட்டுத் தரகரும் அவர் பெண்டாட்டியும். சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. என் தரகர் வீட்டிலும் அப்படித்தான். மாமியார் எப்போது ஊருக்குக் கிளம்புவார், ஞாயிற்றுக்கிழமை குடிக்க அனுமதி உண்டா, கொழுந்தியாள் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், செய்முறை, எல்லாமே துண்டுக்கு அடியில்தான் பேசப்படும். நமக்குத் தெரிவது முகங்கள் மட்டும். அவர் மீசை தொங்கினால் பேரம் படியவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளைத் தண்ணீர் பிடித்து வர அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் பார்த்தார்கள்.

தரகர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. அதுதான் படத்தின் பெரிய நையாண்டி என்று ஊரில் பாராட்டினார்கள். உண்மை வேறு. எனக்கு நடக்கிற கால் வரைய வராது.

படம் ஓடும் சாயங்கால நேரத்தில், கடையைப் பூட்டிவிட்டு எங்கள் தெருவில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக நடப்பேன். ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்பு வந்து விழும். உலகத்தில் எந்தப் பத்திரிகை விமர்சனமும் அந்த நடைக்கு ஈடாகாது. சில நாள் முனை வரை போய்த் திரும்பி இன்னொரு முறையும் நடப்பேன்.

ஐந்தாறு வருடம் இப்படியே போனது. பிறகு ஒவ்வொரு ஜன்னலாக அடங்கியது. ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"தெருவே சத்தமில்லாம கெடக்கே, கரண்டு போயிருச்சா?"

"கரண்டெல்லாம் இருக்கு. ஒங்க தரகருக்குத்தான் போயிருச்சு."

டீக்கடையில் ஒரு கல்லூரி வாத்தியார் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார். "வெளிநாட்டுலயும் இதே கததாண்ணே. பெரியவுகளுக்குன்னு எடுக்குற கார்ட்டூன் மொத நாலஞ்சு வருசம் சோக்கா இருக்கும். அப்பறம் ஆளுகள வெறும் கோமாளியாக்கிருவாக. பொம்மைக்கு வயசாகாது. எழுதுறவனுக்கு ஆகுதுல்ல?" சொல்லிவிட்டு என் முன்மண்டையைப் பார்த்தார். அங்கே முடி இல்லை.

அன்றிலிருந்து பித்துப் பிடித்தவன்போல் ஆனேன். தரகருக்குக் குமுளியிலிருந்து ஓர் இரட்டைச் சகோதரனை வரவழைத்தேன். மாட்டைப் பேச வைத்தேன். பெண்டாட்டிக்குப் பேய் பிடிக்க வைத்தேன், பேயும் துண்டுக்கு அடியில் பேரம் பேசியது. எதற்கும் தெரு அசையவில்லை. கடைசி அஸ்திரமாகத் தரகரை எழுப்பி நடக்க விட்டேன். சேற்றில் வழுக்கி விழப்போகிறவர்போல இரண்டு முழங்காலும் முன்னும் பின்னுமாக மடங்கின. மனைவி டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாவம், அவர ஒக்கார வைங்க" என்றாள்.

ஒரே ஒரு வீடு மட்டும் எனக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. தெருமுனையில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வீடு. அங்கிருந்து மட்டும் விசில் ஊதிய தொண்டையில் வெடிச்சிரிப்பு வரும். என் வீட்டு டிவியில் நகைச்சுவை வருவதற்கு முன்பே சிரித்துவிடுவார். சில சமயம் தரகர் பெண்டாட்டி அழும் இடத்தில் சிரிப்பார். என்னே ரசனை, நானே அறியாத ஆழத்தைக் கண்டுகொள்கிறாரே என்று உருகினேன். அவர் ஒருவருக்காகவே அடுத்தடுத்த வாரங்களை எழுதினேன்.

இந்த நேரத்தில்தான் சேனல் மாமா கடைக்கு வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மாப்ள, தரகர நிப்பாட்டிருவோமா? முன்ன மாதிரி சரக்கு இல்லடா."

"எங்க தெருமுனையில வந்து கேளுங்க மாமா. மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு."

"கண்டக்டர் வீடா?" அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "வேணாம்டா, அங்கனயெல்லாம் எதுக்கு?"

நான் விடவில்லை. என் பிழைப்பல்ல, என் மானம் அந்த ஒரு வீட்டில் இருந்தது. படம் ஓடும் நேரமாகப் பார்த்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே சிரிப்புக் கேட்டது. "கேட்டீகளா?" என்றேன். மாமா தரையைப் பார்த்தார்.

"வாங்க தம்பி, இங்கன ஒக்காருங்க" என்றார் கண்டக்டர். டிவியில் மலையாளத்தில் இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்காலம் முழுவதும் கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு வண்டியில் போனவர், மலையாளம் அத்துப்படி.

"நம்ம படம் பாக்கலியாண்ணே?"

"தரகரா? அவருதான் இப்ப வாறதில்லையே! வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த மகன் மாடியில டிஷ்ஷு குடைய மாட்டிவிட்டுப் போயிட்டான். நீங்க படத்த நிப்பாட்டிட்டீகன்னுல்ல நெனச்சேன். நல்ல மனுசன் தம்பி அவரு. நாக்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டாரு."

வெளியே வந்து முதல்முறையாக ஜன்னல்களை விட்டு மேலே பார்த்தேன். மாடிக்கு மாடி டிஷ் குடை, எல்லாம் ஒரே திசையில் வாயைப் பிளந்துகொண்டு. எனக்குத் தெரியாத பொருளும் அல்ல. அந்தக் குடை விற்கும் கடைக்கு "கேபிளுக்கு விடை கொடுங்கள்" என்று இருபது அடியில் பிளக்ஸ் அடித்துக் கொடுத்ததே நான்தான். அதில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது என்று மூன்று முறை சரிபார்த்தும் இருந்தேன்.

"தெரிஞ்சுதான் என்னையச் சொன்னீகளா மாமா, சரக்கு இல்லன்னு?"

"வீடுக கேபிள விட்டுப் போகுதுன்னு வெளிய சொன்னா மிச்ச வீடும் போயிரும்டா. ஒன்னையச் சொன்னா ஒரு ஆளோட போச்சு."

படம் கெட்டதா என்று கேட்டால், கெட்டது. பார்க்கிறவர்கள் போன பிறகு, அவர்களைத் திரும்பச் சிரிக்க வைக்கிறேன் என்று நானேதான் கெடுத்தேன். அந்த மாதக் கடைசியில் படம் நின்றது. ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. தரகர் எழுந்து நடந்ததை எங்கள் தெருவில் பார்த்தது ஒரே ஒரு வீடுதான். சேனலுக்குப் படம் செய்கிறவன் வீடு என்பதால் அதற்கு மட்டும் கேபிள் இலவசம்.