ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும்

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன் பிழைப்பு இப்படித்தான்: எல்லாம் ஓடினால் நம் பேர் யாருக்கும் தெரியாது, ஒன்று நின்றால் நம் பரம்பரைக்கே அர்ச்சனை நடக்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் இருக்கிறேன். கப்பல் ஏறும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்வது எங்கள் வேலை. திட்டு வாங்கிப் பழகிவிட்டது. ஒரே ஒரு முறை யாருமே திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

போனவர் போகவில்லை

எங்களை விட்டு எதிர்க் கம்பெனிக்குப் போன ஒருவர், அங்கே உட்கார்ந்தபடியே எங்கள் சாப்ட்வேரில் நுழைந்து, யார் என்ன சரக்கு அனுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லோரும் சொந்த ஜிமெயிலைப் போட்டுத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். ஆள் போனதும் அவர் பெயரை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

விஷயம் தெரிந்ததும் மேனேஜர் பொன்ராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் கம்பெனி கொடுக்கும் மெயில் ஐடி இருந்தால்தான் உள்ளே போக முடியும் என்று முடிவானது. "தம்பி, நம்ம ஆளு மட்டும்தான் உள்ள வரணும். மத்தவன் எவனா இருந்தாலும் வாசல்லயே நிக்கட்டும்."

முத்தையா அண்ணாச்சி

யார் எப்படி உள்ளே போகிறார்கள் என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். சீனியர் கிளார்க் முத்தையா அண்ணாச்சியிடம் ஐடி என்ன என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்து மேசை ஜெசிந்தாவைக் கைகாட்டினார்.

ஜெசிந்தா தருவைகுளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பதினொரு வருஷமாக ஷிப்பிங் பில், அதாவது அந்தக் கஸ்டம்ஸ் காகிதம், போடுகிறாள். எந்தச் சரக்குக்கு எந்தக் கோடு நம்பர், எந்த அதிகாரி எதற்குக் கேள்வி கேட்பார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் லீவு போட்டால் அன்றைக்கு ஆபீசே பாதி லீவுதான். அண்ணாச்சி கூச்சமே படாமல் சொன்னார்: "எனக்கு என்னடே தெரியும்? திறந்து வைக்கது அவ, நான் உக்காந்து பாக்கேன்."

வெள்ளிக்கிழமை வந்த பட்டியல்

உள்ளே விட வேண்டியவர்களின் பட்டியல் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் ஜெசிந்தா இல்லை. ஆள் எடுத்துக் கொடுக்கும் காண்டிராக்டர் மூலம் வந்தவளாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவளுக்கும் மறந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். "எங்க ஆபீஸ்" என்றுதான் எப்போதும் பேசுவாள்.

மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். நமக்கு எதற்கு வம்பு என்று இரண்டையும் செய்யவில்லை. அதோடு நின்றேனா? உள்ளே விடாதபோது வரும் இங்கிலீஷ் அறிவிப்பு யாருக்கும் புரியாது என்று, நானே பளிச்சென்று தமிழில் எழுதி வைத்தேன். அதில் பெருமை வேறு. மனசு கேட்காமல் சென்னைக்கு மட்டும் போன் போட்டு, பட்டியல் இவ்வளவுதானா என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் சொன்னாள்: "லிஸ்ட்ல இருக்கிறவங்கதான் சார் ஆர்கனைசேஷன்."

திங்கட்கிழமை

காலையில் எல்லோருக்கும் புது ஐடி எழுதிய சீட்டைக் கொடுத்தேன். ஜெசிந்தா கை நீட்டினாள். "ஒனக்கு வரும், இப்ப பழையதையே போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு, ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். நான் செய்ததிலேயே கேவலமான வேலை அதுதான்.

அவள் போட்டாள். திரையில் பெரிதாக வந்தது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அண்ணாச்சி, "என்னமோ போட்டிருக்கே, வாசி" என்றார். தினமும் அவருக்கு வாசித்துக் காட்டுகிற பழக்கத்தில் அவளும் சத்தமாகவே வாசித்தாள்: "நீங்கள் இந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்ல."

துறைமுக வாசலில், மருந்துக்குப் போகும் நிலாவாரை இலை ஏற்றிய கண்டெய்னர் காத்துக்கொண்டிருந்தது. பொன்ராஜ் சார் ஓடிவந்து, அண்ணாச்சி ஐடியில் உட்கார்ந்து பில்லை முடிக்கச் சொன்னார். ஒரு பிழை இல்லாமல் முடித்துக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப நான் யாரு ஆபீஸ்லண்ணே இத்தன வருஷமா வேல பாத்தேன்?"

பஸ் ஸ்டாண்டில்

அவளுக்கு ஐடி கேட்டு சென்னைக்கு எழுதினோம். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அவர்கள் பரிசீலித்து முடிப்பதற்குள் அவள் வேறு ஆபீசுக்குப் போய்விட்டாள். இங்கே இப்போது மூன்று பேர் சேர்ந்து அவள் வேலையைச் செய்கிறோம், செய்கிறோம் என்று பேர்.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பட்டியலை முன்பே பார்த்ததையும், அந்த வாசகத்தை எழுதியவனே நான்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமையே எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் சனிக்கிழமையோட நின்னிருப்பேம்லண்ணே. அத்தன பேரு முன்னால எம் வாயாலயே வாசிச்சிருக்க வேண்டாம்லா."

சாப்ட்வேருக்கு நான் போட்ட பூட்டில் ஒரு குறையும் இல்லை என்று சென்னையிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. குறை எங்கே இருந்தது என்று அவர்களும் கேட்கவில்லை, வழக்கம்போல நானும் சொல்லவில்லை.