கொச்சிக்கடைக்குப் புறப்பட்டு, கொட்டாஞ்சேனையில் முடிந்த செவ்வாய்

பாஸ்போர்ட் புதுப்பிக்கத்தான் மன்னாரிலிருந்து போன மாதம் கொழும்புக்குப் போனேன். திங்கட்கிழமையே வேலை முடிந்துவிட்டது. அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம். வெள்ளவத்தையில் இருக்கும் என் சிநேகிதி ஜெசிந்தா விடவில்லை. "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடைக்குப் போயிட்டுப் போ" என்றாள். படிக்கிற காலத்தில் ஒரே விடுதியில் இருந்தவர்கள் நாங்கள். கொச்சிக்கடையில் இருக்கும் அந்தோனியார் கோயிலுக்கு அவள் ஒரு செவ்வாயும் தவறுவதில்லை. மகள் டிலானிக்கு நல்ல இடத்தில் கலியாணம் சரிவர வேண்டும் என்பதுதான் மன்றாட்டு.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில்தான் நல்லது. ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர். அலுவலகம் போகிறவர்களின் கூட்டம் குறைந்த பிறகு, ஒன்பதரை மணிக்கு ஏறினோம். இடப்பக்கம் இருங்கள், கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை கடல் கூடவே வரும். கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். டிரைவர் கோயிலுக்குப் பக்கத்துக் கிராண்ட்பாஸ்காரர். "செவ்வாய்க்கிழமை கோயில் வாசல் வரைக்கும் போகேலாது அக்கா, சனம். கிட்ட விடுறன்" என்றார். முந்நூற்றைம்பது ரூபாய். விட்ட இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை.

வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுகிறார்கள். உள்ளே அந்தோனியார் சொரூபத்தை நோக்கி நீண்ட வரிசை. கத்தோலிக்கர் மட்டுமல்ல, பொட்டு வைத்தவர்களும், வெள்ளைச் சேலை உடுத்த சிங்களப் பெண்களும் மெழுகுதிரியோடு நின்றார்கள். தள்ளுமுள்ளு இல்லை.

எங்களுக்கு ஆறேழு பேர் முன்னால் கைத்தடியோடு ஒரு மெலிந்த பெண். தற்செயலாகத் திரும்பியவர் ஜெசிந்தாவைக் கண்டார். அவ்வளவுதான். வரிசையை விட்டு விலகி, பக்கக் கதவால் வெளியே போய்விட்டார்.

அது ஜெசிந்தாவின் அக்கா ரோசலின். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அப்போது டிலானிக்கு ஒரு கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னவர் இந்த அக்காதான். கலியாணம் நின்றுபோனது.

"கண்டனியே? என்னைக் கண்டிட்டு, கும்பிடாமலே போறா" என்றாள் ஜெசிந்தா.

"விடு. நாங்கள் கும்பிட்டிட்டுப் போவம்" என்றேன்.

வரிசை நகர்ந்தது. இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள். "என்னண்டு கும்பிடுறது? பகைச்ச ஆக்களுக்காகவும் மன்றாடச் சொன்னவர் இயேசு. நான் கிழமைக்குக் கிழமை வந்து, என்ர பிள்ளைக்கு மட்டும் கேட்டுட்டுப் போறன்." கையிலிருந்த மெழுகுதிரிகளைப் பின்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். நானும் போனேன்.

அக்காவின் வீடு கொட்டாஞ்சேனையில்; கொச்சிக்கடையிலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். துறைமுக லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். அக்கா தடியை ஊன்றி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். கூப்பிடச் சொன்னேன். "றோட்டில வேண்டாம். அக்காவுக்கு வெக்கமாப் போகும்" என்று இடைவெளி விட்டே நடந்தாள்.

ஒரு ஒடுங்கிய ஒழுங்கைச் சந்துக்குள் வீடு. பாதி திறந்த கதவில் அக்கா நின்றார்.

"என்னத்துக்கு வந்தனீ?"

"பாக்க வந்தனான்."

"பாத்திட்டாய்தானே."

"உள்ளுக்கு வரட்டோ அக்கா?"

அக்கா விலகி வழிவிட்டார். மூவரும் உட்கார்ந்தோம். முதலில் வாய் திறந்தவர் அவர்தான்.

"நான் பொய் சொல்லேல்லை, ஜெசி. மாப்பிள்ளைப் பெடியன்ர தாய் வந்து நேரா கேட்டா. ஓம் எண்டன். இப்ப கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவன்."

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. எழும்பிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். கதிரை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். கலியாணம் நிண்டது ஏனெண்டு மற்ற ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அக்கா கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அது பிழைதான். உன்ர முகத்தைப் பாக்கப் பயந்திட்டன்."

அதற்குப் பிறகு யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. ஜெசிந்தா அக்காவின் காலைப் பற்றிக் கேட்டாள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு; இரண்டு விரல் எடுத்துவிட்டார்களாம். கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது என்றாள். "ஆரு? நான்தான் போறன்" என்றார். ஜெசிந்தா எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அங்கிருந்தே மகளுக்கு போன் எடுத்து, பெரியம்மாவோடு பேசுகிறாயா என்று கேட்டாள். டிலானி நுகேகொடையில் வேலையில் இருந்தாள். "நீங்க கதையுங்கோ அம்மா. என்னால இப்ப ஏலாது. என்னை அவசரப்படுத்தாதேங்கோ" என்றது எனக்கும் கேட்டது. "சரி பிள்ளை" என்று வைத்துவிட்டாள். மகளுக்காகவும் சேர்த்து மன்னிக்க அவள் முயலவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர்களை விட்டுவிட்டு நான் தனியாகக் கோயிலுக்குத் திரும்பினேன். மறுபடி வரிசையில் நின்றேன். இயேசுவைப் பின்பற்றுவது பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது மனம் இளகும், வீட்டுக்கு வந்ததும் ஆறிவிடும். மனம் இளகுவதற்காகக் காத்திராமல், இளகாத மனதோடேயே ஒருத்தி நடந்து போனதை அன்றுதான் பார்த்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். செவ்வாயில் கூட்டம் அதிகம்; அமைதியாக மன்றாட வேறு நாள் பாருங்கள். பெரிய பை வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் வேண்டும். ஓட்டோவில் ஏறுமுன் மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்த கிழமை ஜெசிந்தா போன் எடுத்தாள். அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் வந்தாளாம்.

"அப்ப கோவம் போயிட்டுதோ?" என்றேன்.

"இல்லையடி. கோவத்தோடதான் போனனான். வழி நெடுக ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை. வாற மாதமும் கிளினிக் இருக்கு. அதுக்கும் போவன்."