அறுபது அடி நேர்கோடு

என் நோட்டில் பக்கத்துக்கு ஏழு கட்டங்கள். தேதி, நேரம், காற்று, மண்ணின் ஈரம், டயர், வண்டியில் செய்த மாற்றம், பலன். ரிமோட்டில் ஓடும் பந்தயக் காரை வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான் எழுதி வருகிறேன். போன தை மாதம் எட்டாவதாக ஒரு கட்டம் போட்டேன். அதற்குத் தலைப்பு எழுதவில்லை. வேலை செய்யும்போது என் விரலிலிருந்து நழுவி விழுந்த திருகுகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். முதல் நாள் இரண்டு. மாசிக் கடைசியில் பதினொன்று.

கார் நாற்பது சென்டிமீட்டர் நீளம். பேட்டரியில் ஓடுவது, மண் தடத்துக்கென்றே செய்தது. பார்ப்பவர்கள் பொம்மை என்பார்கள். ஆனால் பெரிய காருக்கு உள்ளதெல்லாம் இதற்கும் உண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது, சக்கரத்தை உள்பக்கம் எத்தனை டிகிரி சாய்ப்பது, ஷாக் அப்சார்பரில் எவ்வளவு கெட்டியான எண்ணெய் ஊற்றுவது என்று எல்லாவற்றையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று தவறினால் வளைவில் காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் தடம் வாளையாருக்குத் தெற்கே, கடலை பிடுங்கிய எங்கள் காட்டில் இருக்கிறது. பழைய சொட்டுநீர்க் குழாய்களை வளைத்து வளைத்துப் போட்டு ஓரம் கட்டியிருக்கிறோம். காலை ஒன்பது மணிக்குமேல் கணவாய்க் காற்று ஏறிவிடும். அப்புறம் புழுதிதான். ஆகவே ஞாயிறு காலை ஏழுக்குத் தண்ணீர் தெளித்து, எட்டரைக்குள் ஓட்டி முடிப்போம். என்னோடு ஓட்டுபவர் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு வெல்டிங் வேலை செய்கிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நோட்டு, அளவுகோல் எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்துத் திருகுவார், ஓட்டுவார், பெரும்பாலும் ஜெயிப்பார்.

மார்கழியில்தான் என் வண்டி அலைய ஆரம்பித்தது. நேர்த் தடத்தில் இடப்பக்கம் இழுத்தது. நான் வலப்பக்கம் திருப்பினால் தேவைக்குமேல் போனது. மறுபடி இடம், மறுபடி வலம்.

"ஏனுங்ணா, வண்டி கள்ளுக்கடைப் பக்கம் போய்ட்டு வந்திருக்குதுங்ளா?" என்றார் நண்பர்.

"ஸ்பிரிங்கு ஒரு பக்கம் தளர்ந்திருக்குது" என்றேன்.

"போன வாரம் எண்ணைன்னீங்க. அதுக்கு முந்தி டயருன்னீங்க. ரிமோட்ட இப்படிக் குடுங்ணா, நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறேன்."

கொடுக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஓட்டும் விதம் மாறினால் என் அளவுகள் குழம்பும் என்றேன். "சாரமில்லீங்ணா, இருக்கட்டும்" என்று அவர் தன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். உண்மைக் காரணம் வேறு. அவர் கையில் அது நேராக ஓடிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம்.

இந்த ரிமோட்டைத் துப்பாக்கி போலப் பிடிக்க வேண்டும். இடது கையில் பிடி. அந்தக் கையின் ஆட்காட்டி விரல்தான் வேகம். வலது கை, பக்கவாட்டில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பும். என் வலது கட்டைவிரல் கார்த்திகையிலிருந்தே சரியில்லை. சும்மா இருக்கும்போது பீடி உருட்டுகிறவன் விரல் போல ஆட்காட்டி விரலோடு உரசிக்கொண்டிருந்தது. எதையாவது பிடித்தால் நின்றது. பொங்கலுக்குப் பிறகு பிடித்தாலும் நிற்கவில்லை.

என் பெரியப்பாவுக்கும் என் வயதில், இதே கட்டைவிரலில்தான் தொடங்கியது. ஆறு வருடத்தில் அவருக்குச் சோறு ஊட்ட ஆள் வேண்டியிருந்தது. வாய்க்கால் வரப்பில் இரண்டு குடம் சுமந்து நடந்தவர், கட்டிலில் புரண்டு படுக்கக்கூட யாரையாவது கூப்பிட வேண்டிவந்தது. கூப்பிட்ட குரலும் வெளியே கேட்காத அளவுக்குச் சிறுத்துப்போனது. அந்த அறையின் வாசலைத் தாண்டி உள்ளே போகாமல் எத்தனையோ நாள் நான் திரும்பியிருக்கிறேன்.

அதனால்தான் வண்டி இழுத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி. வண்டியில் கோளாறு இருந்தால் கையில் கோளாறு இல்லை. இதையே பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி பிடித்துக்கொண்டது வேறு.

"ஏனுங்க, டம்ளர எதுக்கு எடக்கையில புடிக்கறீங்க?"

"சூடா இருக்குது."

"சூடு வலக்கைக்கு மட்டுந்தானுங்களா?"

நான் காப்பியைக் குடித்தேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கோயமுத்தூருக்குப் போயிப் பெரிய டாக்டரப் பாத்துப்போட்டு வந்தர்லாமுங்க. உங்க பெரியப்பாவக் கண்ணால பாத்தும் இப்படி இருந்தா எப்படிங்க?"

"வண்டிதான் இழுக்குது. அத இழுத்துப் புடிச்சுப் புடிச்சுத்தான் கை ஆடுது. வண்டிய நேர் பண்ணீட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்."

"நேர் பண்ணியும் ஆடுச்சுன்னா?"

"அப்ப வர்றேன்."

"வாயில சொன்னாப் பத்தாதுங்க. அந்த நோட்டுல எழுதுங்க."

எழுதினேன். வண்டி நேரான பின்னும் கை ஆடினால் ஆஸ்பத்திரி. அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தாள். நோட்டில் எழுதியதை நான் மீற மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். எழுதிய நாளிலிருந்து வண்டி நேராகிவிடக் கூடாதே என்றும் ஒரு பக்கம் இருந்தது. நேராக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த ஏழு வாரம் நான் செய்ததை நோட்டில் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது. நான்கு ஸ்பிரிங்கும் மாற்றினேன். எண்ணெயை மூன்று முறை மாற்றினேன். சக்கரத்தின் சாய்வைக் கால் டிகிரி கால் டிகிரியாக ஏற்றி இறக்கினேன். முன் சக்கரங்களைத் திருப்புகிற சின்ன மோட்டாரைக் கழற்றிப் புதிது பூட்டினேன். விரல் எவ்வளவு திருப்பினாலும் வண்டி கொஞ்சமாகவே திரும்பும்படி குறைத்து வைக்கும் வசதி ஒன்று ரிமோட்டில் உண்டு. நூற்றிலிருந்து தொண்ணூறு, எண்பது, எழுபது என்று இறக்கி, ஒவ்வொரு முறையும் காரணம் என்ற இடத்தில் புழுதி என்று எழுதியிருக்கிறேன். மழை பெய்து மண் அடங்கியிருந்த நாளிலும் புழுதி.

முன்பெல்லாம் காட்டிலேயே சோதிப்பேன்; மார்கழியிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வீட்டு முன்னால் உள்ள சிமெண்டுக் களத்தில்தான் சோதனை. தேங்காய்ப் பருப்பு காயப்போடும் களம் அது. சாய்வையும் அங்கே வைத்துத்தான் அளப்பேன்; செல்போனைச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்தால் டிகிரி காட்டும். காலை வெயில் முதுகில் இருக்கும்படி வண்டியை மேற்குப் பார்த்து நிறுத்துவேன். திருப்பும் சக்கரத்தைத் தொடாமல் வேகம் மட்டும் கொடுத்தால் வண்டி நேராகப் போக வேண்டும். போகாவிட்டால் ரிமோட்டில் உள்ள பித்தானால் இடமோ வலமோ திருத்த வேண்டும். களத்தில் நூல் பிடித்த மாதிரி ஓடும். காட்டுக்குக் கொண்டுபோனால் இடப்பக்கம் இழுக்கும். ஏழு வாரமும் இதே கதை. களத்தில் சரியாக ஓடுகிற வண்டி காட்டில் ஏன் அலைய வேண்டும்? களத்தில் இல்லாமல் காட்டில் புதிதாகச் சேர்வது திருப்பும் சக்கரத்தில் வைத்த என் வலது கை ஒன்றுதான். ஒரு நாள் கையைத் தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்து, மரத்துப்போகும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். எடுத்ததும் ஆடியது.

பங்குனியில் ஒரு காலை, பருப்பு காயப்போடுவதற்காக மனைவி களத்தை ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மேற்குப் பார்த்து நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"ஏனுங்க, வண்டியத் தூக்குங்க, தண்ணி வருது."

நான் தூக்கவில்லை. தண்ணீர் வண்டியின் இடது சக்கரங்களுக்கு அடியில் நுழைந்து, வலது சக்கரங்களின் வழியே வெளியேறி, களத்தின் வடகிழக்கு மூலைக்கு ஓடியது. நின்று யோசிக்காமல், வழி தெரிந்தது போல ஓடியது.

"மூஞ்சி எதுக்குங்க இப்படி ஆகிப்போச்சு?"

"களத்துக்கு வாட்டம் இருக்குது."

"இல்லாம? தண்ணி ஈசானி மூலைக்குத்தான் போகோணும்னு மேஸ்திரிகிட்ட ரெண்டு நாள் சண்டை புடிச்சது ஆருங்க? சிமெண்டு கலந்து வெச்சுட்டு அந்த மனுசன் தலைமேல கையி வெச்சு உக்காந்துட்டான்."

நான்தான். எங்கள் பக்கத்தில் ஈசானி மூலைக்கு வாட்டம் வைக்காமல் யாரும் களம் போடுவதில்லை. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்று நின்று அளந்து போட வைத்தவன் நான். அந்த வருட டைரியில் அதையும் எழுதியிருக்கிறேன். நடக்கும் காலுக்கு அது சமதளம். பார்க்கும் கண்ணுக்கும் சமதளம். அந்தச் சரிவில் வலப்பக்கம் இறங்கப் பார்த்த வண்டியை இடப்பக்கமாகத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். சமமான காட்டில் அது இடப்பக்கம் இழுக்காமல் என்ன செய்யும்?

களத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்து சிரித்தேன். மனைவி ஹோஸைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தாள்.

"வண்டிதான்! நான் சொன்னனில்ல? வண்டிதான்!"

அன்று பகல் முழுதும் வேலை செய்தேன். ஒரு கடப்பைக் கல்லை மேசைமேல் போட்டு, நான்கு மூலைக்கும் அட்டை கொடுத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை சரி பார்த்தேன். அதன்மேல் வண்டியை வைத்து ஒவ்வொரு அளவையும் முதலிலிருந்து எடுத்தேன். ஒன்பது திருகு விழுந்தது. எட்டாவது கட்டத்தில் அதை எழுதவில்லை. நோட்டில் நான் தெரிந்தே விட்ட முதல் கட்டம் அதுதான்.

மறுநாள் காற்று எழுமுன் காட்டுக்குப் போனோம். மனைவியும் வந்தாள், எழுதிக் கொடுத்தது அவளிடம்தானே. தென்னங்கன்றுக்குக் குழி குறிக்கும் கயிற்றால் அறுபதடி அளந்து, சமமான இடத்தில் தண்ணீர் தெளித்து, பலகையால் மண்ணை இழுத்துவிட்டேன். டயர் போன வழி மண்ணில் அப்படியே பதியும்.

முதலில் திருப்பும் சக்கரத்தைத் தொடாமல் ஓட்டினேன். வண்டி கயிற்றை ஒட்டியே போனது. அறுபதடி கடைசியில் விலகல் இரண்டு அங்குலம். இன்னும் இரண்டு முறை ஓட்டினேன். அதேதான்.

"நேராகிப்போச்சுங்களா?" என்றாள்.

"ஆயிருச்சு."

"இப்பக் கையி வெச்சு ஓட்டுங்க."

ரிமோட்டில் குறைத்து வைத்திருந்ததை எல்லாம் மறுபடி நூறுக்கு ஏற்றினேன். இனி விரலின் சின்ன ஆட்டமும் அப்படியே வண்டிக்குப் போகும், அதில் ஏமாற்ற முடியாது. வலது கையைச் சக்கரத்தில் வைத்து, முழங்கையை விலாவோடு இடுக்கிக்கொண்டு ஓட்டினேன். தூரத்திலிருந்து பார்க்க நேராகத்தான் போனது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். டயர் தடம் முழுதும் அலை. அரை அங்குலம் அகலம், அலைக்கு அலை இரண்டேகால் அடி. டேப்பை வைத்து அளந்தேன். எண்ணினேன். இருபத்தாறு.

"ரிமோட்ட எங்கிட்டக் குடுங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாது."

"தெரியாதுங்க. குடுங்க."

கொடுத்தேன். எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டினேன். முதல் தடவை வண்டி துள்ளி நின்றுவிட்டது. "அய்யோ, முட்டுதுங்க!" என்றாள். இரண்டாம் தடவை மெல்லக் கிளம்பி, கயிற்றை விட்டு விலகி, வலப்பக்கம் போய், திரும்பி வந்து, சொட்டுநீர்க் குழாயில் இடித்து நின்றது. கோணலான வழிதான். போய்க் குனிந்து பார்த்தேன். அந்தக் கோணல் முழுதும் வழுவழுவென்று இருந்தது. ஓர் அலைகூட இல்லை. என் தடத்துக்கும் அவள் தடத்துக்கும் நடுவில் முக்கால் அடிதான் இடைவெளி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். என் தடத்தைச் செருப்பால் கொஞ்ச தூரம் தேய்த்தேன் போலிருக்கிறது. அவள் வந்து என் தோளைத் தொட்டதும்தான் நிறுத்தினேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். இடமும் வலமும் தப்பாக எழுதிய பழைய பக்கங்களைத் திருத்த வேண்டும் என்று முதல் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துகள் கோட்டிலிருந்து கோடு வரை நிறைந்து நின்றன. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். எழுத்துகள் பாதி உயரம்கூட இல்லை. வரி முடியுமிடத்தில் இன்னும் சுருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மாதம் மாதமாகச் சிறுத்திருக்கிறது. காகிதத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் குரல் சிறுத்தது நினைவுக்கு வந்தது.

பேனாவை மனைவியிடம் நீட்டினேன்.

"நானுங்களா? என்ற எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குமுங்க."

"பரவால்ல. எழுது."

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தேதி, நேரம், காற்று, ஈரம், டயர், மாற்றம் என்று வரிசையாகச் சொன்னேன். பலன் என்ற கட்டம் வந்தது.

"வண்டி சரியாக இருக்கிறது."

எழுதினாள். பெரிய பெரிய எழுத்து. கட்டத்தைத் தாண்டி எட்டாவது கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.

"அப்பறமுங்க?"

காற்று கிளம்பியிருந்தது. தெளித்த மண் ஓரத்தில் காய்ந்து, எங்கள் இருவர் தடத்தின் மேலும் புழுதி ஏறத் தொடங்கியது. அவள் பேனாவை மூடாமல் காத்திருந்தாள்.

"கை சரியில்லை" என்றேன்.

அவள் அதற்குத் தனியாக ஒரு வரி எடுத்துக்கொண்டாள்.