செண்பகத்துக்குக் காட்டச் செண்பகம் இல்லை

இன்று பள்ளி விட்டு வந்ததும் மகள் ஒரே பிடிவாதம். "அப்பா, எம் பேர மாத்து. கிளாஸ்ல எல்லாரும் கெழவின்னு கூப்புடுறாங்க. ஷான்விகான்னு வையி."

மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் பெயர் செண்பகம். வைத்தவன் நான். மனைவி அப்போதே வேண்டாம் என்றாள். "மணக்கிற பூவோட பேரு, நம்ம ஊர்ல யாருக்கும் இருக்காது" என்று பெரிய அறிவாளி மாதிரி சொல்லி, பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பூவைக் கண்ணில் காட்டிவிட்டால் மனம் மாறிவிடுவாள் என்று நினைத்தேன். வண்டியில் உட்கார வைத்து, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு பூக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

கடைக்கார அம்மா சிரித்தார். "மல்லி இருக்கு, முல்ல இருக்கு, கனகாம்பரம் இருக்கு. செண்பகம் நம்ம கடைக்கு வராதுங்க. எம் பேரே செண்பகம்தான், நானே பாத்ததில்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா பாப்பா, அவங்களும் செண்பகம்!"

மகள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவரிடம் கேட்டாள். "ஒங்கள யாரும் கிண்டல் பண்ணலியா?"

"பண்ணாம இருப்பாங்களா சாமி? அதுக்குத்தான் எம் பேத்திக்கு ஷான்விகான்னு வச்சிட்டோம்."

வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் மகள் குதித்து இறங்கி உள்ளே ஓடினாள். "அம்மா, பூக்கடைக்காரங்களே சொல்லிட்டாங்க!"

மனைவி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் யார் வீட்டிலாவது செண்பக மரம் இருந்தால் உடனே சொல்லுங்கள். ஷான்விகா என்பது என்ன பூ என்று தெரிந்தவர்களும் சொல்லலாம், எதற்கும் தெரிந்து வைத்துக்கொள்கிறேன்.