லாச்சியில் கிடந்த கடிதம்

ஒரு மாதமாக ஓர் அமெரிக்கக் குமாஸ்தாவோடு குடித்தனம் நடத்துகிறேன்.

பயப்பட வேண்டாம், ஆள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வாஷிங்டனில் ஏதோ ஓர் அரசாங்க இலாகாவில் பேனா பிடித்தவர். அவருடைய கடிதங்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோழிக் கிறுக்கலைப் படித்து டைப் செய்து கொடுக்க ஆட்கள் வேண்டுமாம். சம்பளம் கிடையாது. இந்த மாதிரி வேலை என்றால் நான் விடுவேனா?

மேலதிகாரிக்கு எழுதியவை ஒரு கட்டு. வீட்டுக்கு எழுதியவை இன்னொரு கட்டு. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து மழையில், சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் ஒடுங்கிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பேன். ஒரு கோப்பு போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது, மோசமான வானிலைதான் காரணம் என்று மேலதிகாரிக்குப் பணிவோடு எழுதுகிறார். அதே தேதியில் தம்பிக்கு எழுதும்போது, கோட்டுப் பைக்குள் வைத்து மறந்து தொலைத்துவிட்டேன் என்கிறார்!

வாய்விட்டுச் சிரித்தேன். போன சனிக்கிழமை வரை.

அன்றைக்கு லெட்சுமி அக்கா வந்தார். எங்கள் லயத்திலேயே, இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு வீடு தள்ளி இருப்பவர், கொழுந்து எடுப்பவர். பின்னால் மகள் யோகேஸ்வரி. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவள். கையில் ஒரு நீளக் கவர்.

"இன்டர்வியூ லெட்டர் வந்துருச்சுண்ணே," என்றாள்.

"அடி சக்கை! எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"வர்ற செவ்வாயா?"

"போன செவ்வாய்."

கவரில் இருந்த தபால் முத்திரைக்கு மூன்று வார வயது. தோட்டத்து ஆபீசில் அதைக் கையில் கொடுத்தது அன்று காலையில்தான்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது, தபால்காரரும் வரமாட்டார். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது கிளாக்கர் ஐயா பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். எந்தப் பெயரை? வேலைப் பதிவான செக்ரோலில் இருக்கும் பெயரை. மகளின் பெயர் செக்ரோலில் ஏறவே கூடாது என்றுதான் லெட்சுமி அக்கா அவளைப் படிக்க வைத்தார்.

மூன்று பேரும் ஆபீசுக்குப் போனோம்.

"பெரட்டுல கூப்பிடுறதுக்கு இந்தப் புள்ள பேரு செக்ரோல்ல இல்லையே தம்பி," என்றார் கிளாக்கர் ஐயா. "யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு மேச லாச்சியில வச்சேன். அப்புறம்... மறந்தே போச்சு."

"அதை அப்படியே எழுதித் தாங்க ஐயா. தோட்டத்துக் கடிதம் இருந்தா இன்னொரு தேதி கேட்டுப் பாக்கலாம்."

"எழுதுறதா? தொரை பாத்துக் கையெழுத்து வைக்கணும். பாத்தாருன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு. ரிட்டயர் ஆக எட்டு மாசந்தான் இருக்கு."

"எம் புள்ளைக்கு எத்தன மாசம் இருக்குன்னு கேட்டீங்களா ஐயா?" என்றார் லெட்சுமி அக்கா. "இந்த வருசத்தோட அவ நர்ஸ் படிப்புக்குப் போற வயசு முடியுது!"

கிளாக்கர் ஐயா டைப்ரைட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் லெட்டர்ஹெட்டில் ஒன்று டைப் ஆகி, தோட்டத்து மேனேஜரான துரையின் கையெழுத்தும் சீலுமாக வந்தது. 'மேற்படி கடிதம் தோட்ட நடைமுறைப்படி உரிய காலத்தில் ஒப்படைக்கப்பட்டது.'

அன்று சாயங்காலம் மழையோடு மழையாகக் கிளாக்கர் ஐயாவே லயத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாள் ஒன்றை யோகாவிடம் நீட்டினார். தவறு முழுக்கத் தன்னுடையது, பிள்ளை மேல் குற்றமில்லை, தயவுசெய்து இன்னொரு சந்தர்ப்பம் கொடுங்கள் என்று கைப்பட எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

"ஏன் மாமா ரெண்டு விதமா எழுதுறீங்க?" என்று கேட்டாள் யோகா. அதுவரை ஐயா, அன்றைக்கு மட்டும் மாமா.

"அது ஆபீஸ் எழுதினது புள்ள. இதுதான் நான் எழுதினது."

திங்கட்கிழமை நுவரெலியாவில் தாதியர் பயிற்சி ஆபீசுக்குப் போனோம். இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். இரண்டு கடிதத்தையும் சேர்த்தே நீட்டினேன். இரண்டு கட்டையும் சேர்த்துப் படித்தால்தானே மனுஷனைப் புரியும்? ஒரு மாதப் பழக்கம்!

அங்கிருந்த அம்மா கெட்டவரில்லை. இரண்டையும் முழுசாக வாசித்தார். தோட்டத்துக் கடிதத்தை ஃபைலில் குத்தினார். கொப்பித் தாளைத் திருப்பித் தந்தார்.

"இது அவர் தனிப்பட்ட முறையில எழுதினது தம்பி. சீல் இல்ல. ஃபைல்ல போட ஏலாது."

"அப்போ அந்தக் கடிதத்தையும் திருப்பித் தாங்க மிஸ்."

"அதைப் போட்டாச்சே."

"இன்னொரு தேதி...?"

"நேரத்துக்குக் கிடைச்சதெண்டு தோட்டமே எழுதியிருக்கு. பிறகு நான் என்னத்தைச் சொல்லி இன்னொரு தேதி தாறது? அடுத்த முறை போடச் சொல்லுங்க."

"அடுத்த முறை எனக்கு வயசு கூடிரும் மிஸ்," என்றாள் யோகா.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான்.

இந்த உலகம் தஸ்தாவேஜுகளை நம்புகிறது... மனுஷர்களோ சொந்தத் தாளில்தான் உண்மை பேசுகிறார்கள். இரண்டு கட்டையும் ஒன்றாக வைத்துப் படிக்க நூறு வருஷம் கழித்துத்தான் ஆள் வருவார்களா? கிளாக்கர் ஐயாவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் எட்டு மாசம் நல்லபடியாகப் போகட்டும்.

பஸ்ஸில் யோகா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஃபைல்ல ஒரு யோகேஸ்வரி இருக்கா பாருங்கண்ணே... அவளுக்கு லெட்டர் நேரத்துக்கே கெடச்சிருக்கு. அவ ஏன் இன்டர்வியூக்குப் போகலையாம்?"

தெரிந்த வாசகர்கள் எழுதலாம். மறக்காமல் சீல் வைத்து.