எழுப்ப வராமலே செத்துப்போனவன்

வார்ட் எல்லிங்கர் செத்துட்டான் மக்களே, அமெரிக்காவில், தொண்ணூற்றுச் சொச்சம் வயதில், தூக்கத்திலேயே, நிம்மதியாக!

நான் ஆர்ஐபி போட மாட்டேன். ஆமாம், "அவன்" என்றுதான் எழுதுவேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு ஷாக்காக இருக்கும். மூன்று வருசம் என் ப்ரொஃபைல் படமே அவன்தான். அவனுடைய இன்டர்வியூக்களை யூடியூபில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத்தான் நான் இங்கிலீசே படித்தேன்.

காலையிலிருந்து சினிமா குரூப் முழுக்க மெழுகுவர்த்தி. மேடையிலும் சரி, திரையிலும் சரி, அவனைப்போல் சாக யாராலும் முடியாதாம்... அந்தச் சாவு யாருடையது தெரியுமா?

எங்கள் லயத்து வரிசையில் நாலாவது வீட்டு ராசையா தாத்தாவுடையது.

ஐம்பதுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் அமெரிக்கப் படக் கம்பெனி வந்தது. எல்லிங்கர் அப்போதுதான் நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்திருந்தான். பெரிதாக யாருக்கும் தெரியாது.

மாசி மாதம். காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. சிவன் மதனை எரிப்பார், ரதி அழுவாள், மூன்றாம் நாள் சிவனே மதனை எழுப்பிவிடுவார். நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அந்த வருசம் மதன் வேடம் தாத்தாவுக்கு. பத்தொன்பது வயது. முதல் தடவை.

ராத்திரி எரிக்கிற காமனைப் பகலில் எரிக்கச் சொன்னார்கள், கேமராவுக்கு வெளிச்சம் வேண்டுமாம். தோட்டத்துத் துரையே சொன்னபிறகு யார் மறுப்பது? இதில் சிவன் வேடத்தை நான்தான் கட்டுவேன் என்று எல்லிங்கர் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். நானும் உங்களைப்போல மேடைக்காரன் என்றானாம்.

கூத்து மாஸ்டர் சொன்னதைத் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் இங்கிலீசில் சொன்னார். கையில் காப்புக் கட்ட வேண்டும். கட்டினால் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எரித்த கைதான் எழுப்ப வேண்டும், ஆகவே மூன்றாம் நாள் இங்கே இருந்தாக வேண்டும்.

சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள்.

காமன் பொட்டலில் தாத்தா விழுந்தார். மேலே வெள்ளைத் துணி போர்த்தினார்கள். டைரக்டருக்குத் திருப்தியே இல்லை... ஆறு தடவை சாகவிட்டுத்தான் ஓகே சொன்னாராம்.

மூன்றாம் நாள் விடிந்ததுமே தாத்தா வேடம் கட்டி அதே துணிக்குள் படுத்துவிட்டார். வெயில் ஏறியபிறகு கிளாக்கர் வந்தார். படக்காரர்கள் முந்தின நாளே கொழும்புக்கு இறங்கிவிட்டார்களாம். அவர்கள் வேலை முடிந்துவிட்டதாம்.

மாஸ்டர் நம்பவில்லை. "அவரு கையில காப்பு இருக்குதுங்களே. கூத்துக்காரன் காப்போட எல்லை தாண்டுவானா? வந்துருவாருங்க."

மேடைக்காரன் என்று சொன்னானே, அதை நம்பிக்கொண்டு மொத்தத் தோட்டமும் காத்துக் கிடந்தது. சாயங்காலம் மழை வந்ததும் தாத்தா தானாகவே எழும்பி, துணியை மடித்து எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார்.

எழுப்பப்படாத மதன் மறுபடி காப்புக் கட்டக்கூடாது. அவ்வளவுதான். முடிந்தது அவர் கூத்து.

மறுநாள் விடியற்காலை பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே கங்காணி, "செத்தவன் வந்துட்டானாடா?" என்று கேட்டிருக்கிறார். அதே பேர்தான் இன்றைக்கும். அறுபத்துச் சொச்சம் மாசி, பொட்டலுக்கு வெளியே நின்று மற்றவர்களுக்குத் தப்பு மேளம் காய்ச்சிக் கொடுத்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

இவன்? அடுத்த வருசமே நியூயார்க் மேடையில் ஒரு நாடகம். அதில் இவன் சாகிற சீனுக்குச் சனம் எழும்பி நின்று கை தட்டியதாம். அப்புறம் படம் படமாகச் செத்தான். விருது விருதாக வாங்கினான்.

போன வருசம் தாத்தாவிடம் போனில் அவன் ஒரு படத்தில் சாகிற சீனைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன், எனக்கு அப்போது எதுவும் தெரியாது. கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"தல மொதல்ல ரதி பக்கம் திரும்புது பாரு. கடைசி வெரலு ரெண்டு தடவ ஆடும் பாரு..."

ஆடியது.

"இது என்னோடது பாப்பா."

அன்றைக்குத்தான் கதை முழுக்கச் சொன்னார். கோபமே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் காப்ப எங்க அவுத்தாராம்?"

தேடினேன். பழைய இன்டர்வியூ ஒன்றில் இருந்தது. கொழும்பு ஓட்டலில் மேக்கப் போடுகிற பெண் கத்தரியால் வெட்டினாளாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். சாகிற நடிப்பை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், சிலோனில் யாரோ ஒரு கூலிப் பையன் என்கிறான்.

நூறு தடவை பார்த்த இன்டர்வியூ அது. நானும் சிரித்திருக்கிறேன். தாத்தாவிடம் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை நியூஸ் வந்ததும் இப்போதைய மாஸ்டர் செல்வா மாமாவிடம் ஓடினேன். கத்தரி விசயத்தையும் சொன்னேன்.

"வெட்டுனா காப்பு போகாது. ஒண்ணு அவுக்கணும், இல்லாட்டி ஆளு போகணும். இப்ப ஆளு போயிருச்சுல்ல. இனி வேற கை எழுப்பலாம்."

தாத்தாவிடம் சொன்னபோது அடுப்பு முன்னால் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கப்பைக் கீழே வைத்தார்.

"அவர யாரு எழுப்புவா?"

யாரும் வேண்டாம் தாத்தா. கிடக்கட்டும்.

இந்த வருசக் காமன் கம்பத்தை ஏற்கனவே ஊன்றிவிட்டார்கள். எரித்த மூன்றாம் நாள், வருகிற ஞாயிறு காலை பத்து மணி, எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டல். செல்வா மாமா சிவன் கட்டுகிறார். ராசையா தாத்தா துணிக்குள் படுக்கப் போகிறார். அந்தப் பழைய துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாயிற்று.

உங்கள் ப்ரொஃபைலில் போட்ட அவன் படத்தை எடுத்துவிட்டு இதை ஷேர் பண்ணுங்கள். தலவாக்கலை, ஹட்டன் ஆட்கள் நேரே வாங்க. அவர் எழும்பும்போது பொட்டல் நிறைய ஆள் நிற்கணும்... வாரவங்க கீழே கமெண்ட்ல பேர் போடுங்க.